சிங்கத்தின் இருபத்தாறு கால்கள்

கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒரு லாரி திரும்பும் அளவுக்கு மட்டும் இடம் இருந்த கமினாதா என்ற ஜப்பானிய ஊரில் பத்தொன்பது வீடுகளும், முப்பத்தெட்டுப் பேரும், ஒரு சிங்கமும் இருந்தார்கள். முப்பத்தொன்பதாவது ஆளாக நான் இருந்தேன். சிங்கம் என்றால் மரத்தில் செதுக்கிய தலையும் மூங்கில் வளையங்கள் கோத்த நீண்ட பச்சைத் துணி உடம்பும். வருஷம் முழுக்க அது கோயில் அறையில் மடித்துக் கிடக்கும். செப்டம்பர் மாதம் மூன்றாம் சனிக்கிழமை மட்டும் பன்னிரண்டு ஆண்கள் அதற்குள் வரிசையாகப் புகுந்து, வெளியே கால்கள் மட்டும் தெரிய, மரவட்டை போல வளைந்து வளைந்து வீடு வீடாகப் போவார்கள். வாசலில் ஆடி, வீட்டில் உள்ளவர்களின் தலையை மரப்பல்லால் மெல்லக் கடித்து, அந்த வருஷத்துக் கெட்டதையெல்லாம் தின்றுவிட்டு, அந்தி சாய்வதற்குள் சிங்கம் கோயிலுக்குத் திரும்பிவிடும்.

என் பெயர் சுடலைமுத்து, ஊர் சாத்தூர். எட்டாம் வகுப்புக்குப் பிறகு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினேன், பிறகு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பதினேழு வருஷம் இருந்தேன், அதன் பிறகு கமினாதாவின் மீன் கொட்டகைக்கு வந்து கானாங்கெளுத்தியைப் பெட்டிக்கு முப்பது வீதம் எண்ணி ஐஸ் போட்டு மூடும் வேலையில் சேர்ந்தேன். என் பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் சுதரை-சான் ஆகிவிட்டது. சான் என்பது நம் பக்கத்து அண்ணாச்சி மாதிரி ஒரு மரியாதை. ஊரார் நல்லவர்கள். எதிரே வந்தால் குனிந்து வணங்குவார்கள், நானும் வணங்குவேன், ஒரு நாளைக்குச் சராசரியாகப் பதினாலு வணக்கம். ஆனால் ஆறு வருஷத்தில் என் கதவைத் தட்டியவர்கள் இரண்டே பேர், கேஸ் மீட்டர் பார்க்கிறவர் ஒருவர், முகவரி தப்பி வந்த கூரியர்காரர் ஒருவர்.

ஏழாவது வருஷம் ஒரு வீட்டுப் பையன் வேலை தேடி ஒசாகாவுக்குப் போய்விட, சிங்கத்துக்கு ஆள் பதினொன்றாகக் குறைந்தது. மீன் கொட்டகைக்கு முதலாளியும் சிங்கத்தின் தலையைத் தூக்குகிறவருமான ஷிகேரு என்னிடம் வந்து, ஐஸ் வாளியைப் பார்த்தபடியே கேட்டார்.

“சுதரை-சான், வால் பக்கம் ஒரு இடம் இருக்கு.”

“எனக்குக் கூச்சம் அதிகம்,” என்றேன்.

“அதுக்குள்ள உங்களை யார் பார்க்கப் போறாங்க? முன்னாடி போறவன் முதுகை மட்டும் பார்த்துக்கிட்டு நடந்தா போதும்.”

எனக்கு முன்னாடி போகிறவர் கொய்ச்சி, வலை பின்னுகிறவர், அறுபத்தைந்து வயசு. “என் முதுகு நல்ல முதுகு. என் பெண்டாட்டியைத் தவிர யாரை வேணும்னாலும் விசாரிச்சுக்கோங்க,” என்றார்.

பதினாலு மாலைகள் கோயில் முற்றத்தில் பழகினோம். மூன்று அடி முன்னால், ஒரு அடி பின்னால், ஒரு மிதி, பிறகு இடுப்பை வளைத்து ஒரு திருப்பம். மேளம் காதில் விழுந்து, கொய்ச்சியின் முதுகு அசைந்து, அதைப் பார்த்து என் கால் நகர்வதற்குள் அரைத் தாளம் போய்விடும். சிங்கத்தின் வால் தூங்குகிறது என்று மற்ற பதினொரு பேரும் சொன்னார்கள், யாரும் கோபப்படவில்லை, யாரும் என்னை மாற்றவும் இல்லை, மாற்ற ஆளும் இல்லை.

கமினாதாவில் ஒரு வழக்கம் உண்டு. சிங்கம் புறப்படும்போது கோயில் வாசலில் ஒருவர் நின்று அதன் கால்களை எண்ண வேண்டும், திரும்பி வரும்போது மறுபடி எண்ண வேண்டும். பத்தொன்பது வீட்டிலும் சாகே என்ற அரிசிச் சாராயம் ஊற்றுவார்களாதலால், ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு வீட்டுக் கூடத்தில் படுத்து உறங்கிவிடுவது உண்டு, அவரை விட்டுவிட்டு வரக் கூடாதே என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். எண்ணுகிறவர் ஷிகேருவின் மனைவி ஃபூமி. அந்த வருஷம் போகும்போது இருபத்துநாலு கால். வரும்போது ஃபூமி எண்ணினார், இன்னொரு தரம் எண்ணினார், மூன்றாம் தரம் குனிந்து ஒவ்வொரு காலையும் விரலால் சுட்டி எண்ணினார்.

“இருபத்தாறு,” என்றார், கடலில் அலை ஏறியிருக்கிறது என்று சொல்வது போல.

துணியைத் தூக்கினார்கள். உள்ளே பன்னிரண்டு பேர்தான் இருந்தோம். துணியை இறக்கினார்கள். எனக்குப் பின்னால், வாலின் கடைசி ஓரத்தில், வெள்ளைக் காலுறையும் வைக்கோல் செருப்பும் போட்ட எங்கள் கால்களுக்கு அப்பால், ஒரு பெண்ணின் வெறுங்கால்கள் இரண்டு புழுதியோடு நின்றன. வீட்டுக்குப் போகும் நேரமாகிவிட்டதால் சிங்கத்தை மடித்து வைத்துவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டம் என்று முடிவு செய்து கலைந்தார்கள்.

கூட்டத்தில் முதலில் நொறுக்குத் தீனி சுற்றி வந்தது. பிறகு ஷிகேரு, வெறுங்காலோடு நடக்கிற வழக்கம் கமினாதாவில் கிடையாது, அந்தக் கால்கள் சுதரை-சானின் பின்னாலேயே வந்தன, சுதரை-சான் இந்த வருஷம்தான் சேர்ந்தார், கால்களும் இந்த வருஷம்தான் சேர்ந்தன என்று மூன்று காரணங்களை அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“உங்க வீட்டுல யாராவது இறந்திருக்காங்களா?”

“மனைவி. முப்பிடாதின்னு பேர்.”

“எப்போ?”

“நாலு வருஷம் மூணு மாசம் ஆச்சு.”

அறையில் தின்கிற சத்தம் நின்றது. கொய்ச்சி மெதுவாகக் கேட்டார்: “அப்போ நீங்க இங்கேதானே இருந்தீங்க?”

“இங்கேதான்.”

சாத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மகன் போன் செய்தபோது நான் கொட்டகையில் இருந்தேன். விமானம் பிடித்தாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று அவனே கணக்குப் பார்த்துச் சொன்னான். அன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது என்று தெரியாததால்.

“அப்போ அது அவங்கதான்,” என்றார் ஷிகேரு. “நீங்க என்ன சொல்றீங்க?”

நான் பேசவில்லை. அந்த ஊர்க் கூட்டத்தில் பேசாமல் இருப்பவர் ஒப்புக்கொண்டவர். ஆறு வருஷம் அங்கே இருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும், தெரிந்தும் பேசாமல் இருந்தேன். சனிக்கிழமை துணியை இறக்கியபோதே நான் குனிந்து என் கால்களுக்கு நடுவே பின்னால் பார்த்திருந்தேன், மூச்சை அடக்கி எண்ணியிருந்தேன். இடது காலில் ஐந்து விரல், வலது காலில் ஐந்து விரல், திரும்பியபோது இடது குதிகாலில் பிறை போல ஒரு தழும்பு. முப்பிடாதிக்கு வலது காலில் சுண்டுவிரல் பிறவியிலேயே கிடையாது. முப்பத்தொரு வருஷம் ஒன்பது விரல்களோடு குடும்பம் நடத்தியவன் பத்து என்று எண்ணியபின் அது அவள் இல்லை என்பதில் சந்தேகம் என்ன. ஆனால் இல்லை என்று சொன்னால் நான் மறுபடியும் முப்பத்தொன்பதாவது ஆள். சொல்லாவிட்டால் நாங்கள் இரண்டு பேர், அதில் ஒருத்தி பொய், அந்தப் பொய்க்கு அவள் பெயர்.

அதற்குப் பிறகு ஊர் வேலையைத் தொடங்கியது. பெண்கள் சிங்கத்துக்குள் போகக் கூடாது என்ற விதி இருந்ததால் இன்னும் இரண்டு கூட்டம் போட்டார்கள். உடம்போடு போகிற பெண்களைத்தான் விதி தடுக்கிறது, உடம்பில்லாமல், அதுவும் வெளிநாட்டிலிருந்து, இவ்வளவு தூரம் வந்தவரைத் தடுக்க அதில் ஒரு சொல்லும் இல்லை என்று கண்டுபிடித்துக் குறிப்பேட்டில் எழுதினார்கள். வால் பக்கம் துணி போதாது என்று இரண்டு அடி பச்சைத் துணி வாங்கி ஒட்டுப் போட்டார்கள், பதின்மூன்றாவது மூங்கில் வளையம் வளைத்தார்கள். திருவிழா விபத்துக் காப்பீட்டுப் படிவத்தில் அவள் பெயரையும் எழுதி அனுப்ப, இறந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை என்று மிகப் பணிவான கடிதம் ஒன்று வந்தது. கோயில் பலகையில் சிங்கக்காரர்களின் பெயர் வரிசையில் என் பெயருக்கு அடுத்து முப்பிடாதியின் பெயரைத் தங்கள் எழுத்தில் செதுக்கினார்கள். ஃபூமி ஒரு நாள் என் கதவைத் தட்டி, காலுறை தைக்க வேண்டும், அவர்கள் கால் என்ன அளவு என்று கேட்டார். ஒரு சாண் இரண்டு விரல் என்று நிஜமான அளவையே கையால் காட்டினேன். வெள்ளைக் காலுறை தைத்து வந்தது, யாரும் போடாமல் கோயில் படியில் இருந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து முள்ளங்கி ஊறுகாய் வந்தது, இரண்டு கிண்ணங்களில். மழை வந்தால் யாராவது ஒருவர் என் துணிகளை எடுத்து உள்ளே போட்டார். எதிரே வருகிறவர்கள் என்னை வணங்கிவிட்டு என் பக்கத்தில் இருந்த காற்றையும் வணங்கினார்கள். அந்த வருஷம் என் கதவு நூற்று நாற்பத்தொரு தரம் தட்டப்பட்டது. அவர்கள் போன பிறகு இரண்டு கிண்ண ஊறுகாயையும் நானே தின்றேன், ஒன்றை இரவில், ஒன்றைக் காலையில், அவள் முள்ளங்கி தொட மாட்டாள் என்பதை யாரிடமும் சொல்லாமல்.

இரண்டாம் வருஷம் கோயிலை விட்டுப் புறப்படும்போதே ஃபூமி இருபத்தாறு என்றார். நான் தாளத்தில் அரை அடி பிந்தினால் பின்னால் இருந்த கால்கள் பிந்தவில்லை, என்னை முட்டாமல், இழுக்காமல், மிதிக்க வேண்டிய இடத்தில் மிதித்து, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பின. சிங்கத்தின் வால் விழித்துக்கொண்டது என்று பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்து பார்த்தார்கள். “சுதரை-சான் மனைவிக்கு என்ன தாளம் பாருங்க,” என்று சொன்னார்கள். முப்பிடாதி எங்கள் கோயில் கொடைத் திருவிழாவில்கூட ஓரமாக நின்று பார்ப்பவளே தவிர ஆடினவள் இல்லை.

நான் வீட்டுக்கு வீடு குனிந்து எண்ணினேன். பத்து வீட்டில் இருபத்தாறு. பதினொன்றாவது ஹத்சுயேயின் வீடு. எண்பத்துநாலு வயசுக்காரி, ஆண்களோடு படகில் வலை இழுத்தவள், பதினொரு வருஷத்துக்கு முன் சீமைப்பனிச்சைப் பழம் பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவள். சன்னலோரம் கட்டிலில் சாய்ந்திருந்த அவள் தலையைச் சிங்கம் கடிக்கிற வரைக்கும் இருபத்துநாலு கால்தான் இருந்தது. வாசலைத் தாண்டியதும் இருபத்தாறு. மீதி எட்டு வீட்டிலும் இருபத்தாறு.

அடுத்த வாரம் நாலு மீன்களோடு அவள் வீட்டுக்குப் போனேன்.

“எத்தனை?” என்று கேட்டாள்.

“நாலு.”

“ஒரு கிழவிக்கு நாலு மீனா? மூணை எடுத்துக்கிட்டுப் போய் உன் பெண்டாட்டிக்குக் கொடு.” சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

“பதினெட்டு வீட்டுல இருபத்தாறு. உங்க வீட்டுல மட்டும் இருபத்துநாலு,” என்றேன்.

அவள் போர்வையை விலக்கிக் காட்டினாள். இடது குதிகாலில் பிறை போலத் தழும்பு. “தூண்டில் முள். பத்தொன்பது வயசுல,” என்றாள். “மறுநாள் காலெல்லாம் புழுதி, நர்ஸம்மா வந்து கழுவினா. கழுவிட்டு நோட்டுல ‘மண்’னு எழுதிட்டுப் போயிட்டா. நல்ல பொண்ணு, ஒரு கேள்வி கேட்கலை.”

“முதல் வருஷம் போகும்போது இல்லையே?”

“அப்போ எனக்கே தெரியாது. மேளம் பாலத்துப் பக்கம் திரும்பினப்போ கூடப் போனா எப்படி இருக்கும்னு நினைச்சேன், கால் போயிட்டு இருந்தது. சிங்கம் என் வாசலுக்கு வந்தா மட்டும் நான் முழுசா இருந்து பார்க்கணும், அதனால காலும் திரும்பி வந்துடும்.” போர்வையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டாள். “ஏழு வயசுல எங்கப்பாகிட்ட கேட்டேன், பொட்டப் பிள்ளைக்கு இடமில்லைன்னார். நாற்பது வயசுல ஷிகேருவோட அப்பன்கிட்ட கேட்டேன், அவனும் அதையே சொன்னான். இப்போ யாரையும் கேட்கலை.”

“பலகையில என் மனைவி பேரை எழுதியிருக்காங்க.”

“தெரியும். உன் மனைவிக்குன்னு படியில வெச்ச சோத்து உருண்டையைக் கொய்ச்சி தின்னுட்டான். அதுவும் தெரியும்.” பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: “சொல்லப் போறியா?”

சொன்னால் விதி வரும், அவள் கால்கள் போர்வைக்குள்ளேயே கிடக்கும், பதின்மூன்றாவது வளையத்தை அவிழ்ப்பார்கள், என் கதவும் பழையபடி ஆகிவிடும். இத்தனையும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. சொல்ல மாட்டேன் என்றேன். அது அவளுக்காகவா எனக்காகவா என்று அவள் கேட்கவில்லை.

“அவ எப்படி இருப்பா?” என்று கேட்டாள்.

அந்த ஊரில் யாரும் அதுவரை கேட்காத கேள்வி. ஒன்பது விரல்களைப் பற்றிச் சொன்னேன், வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பதைச் சொன்னேன், ஆடுகளைப் பேர் சொல்லித் திட்டுவதையும், பஸ்ஸில் ஏறினால் நான் டிக்கெட் எடுத்துவிட்டேனா என்று மூன்று தரம் கேட்பதையும் சொன்னேன். நாற்பது நிமிஷம் ஆனது. மீன் வாடை அடிக்கத் தொடங்கியிருந்தது.

“சரி,” என்றாள் ஹத்சுயே. “அவ பேரைக் கெடுக்காம ஆடறேன்.”

மூன்றாம் வருஷமும் ஆடினாள். ஒரு மாதத்துக்கு இரண்டு தரம் அவள் வீட்டுக்குப் போனேன், ஒவ்வொரு தரமும் முப்பிடாதியைப் பற்றி ஒன்று கேட்பாள், ஒன்று சொல்வேன், மொத்தம் முப்பத்தொன்பது சேதிகள். நாலாம் வருஷம் ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி காலையில் உறக்கத்திலேயே இறந்துபோனாள். ஊர் கூடி முறையாக எல்லாம் செய்தது. நானும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பதினேழாவது ஆளாக வரிசையில் நின்று ஊதுவத்தி வைத்தேன். சுதரை-சானுக்குப் பழக்கம் போலிருக்கிறது, மீன் கொண்டுபோய்க் கொடுப்பாரே என்று யாரோ சொன்னார்கள்.

செப்டம்பரில் சிங்கம் புறப்பட்டபோது ஃபூமி எண்ணிவிட்டு இருபத்துநாலு என்றார். வழியில் வந்து சேரலாம் என்று ஷிகேரு மேளத்தைத் தொடங்கச் சொன்னார். முதல் வீட்டில் எண்ணினேன், ஐந்தாம் வீட்டில் எண்ணினேன், பாலத்தில் எண்ணினேன், பூட்டிக் கிடந்த பதினொன்றாவது வீட்டு வாசலிலும் ஆடிவிட்டு எண்ணினேன். செத்தவர்கள் வருவார்கள் என்றுதான் ஊர் மூன்று வருஷமாகச் சொல்லி வந்தது, உயிரோடு இருந்தவரைக்கும் வந்தவள் செத்த பிறகு வரவில்லை. ஒட்டுப் போட்ட இரண்டு அடித் துணி என் பின்னால் தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது, கடைசி நாலு வீட்டில் அதை நானே மிதித்தேன். கோயிலில் ஃபூமி மறுபடி எண்ணவில்லை. துணியை மடித்தோம்.

வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. திறந்தால் பதினொரு பேரும், பின்னால் ஃபூமியும், அதற்குள் உடை மாற்றிக் கறுப்புச் சட்டையில் நின்றார்கள். ஆறு பாய் விரித்த அறையில் முழங்காலோடு முழங்கால் ஒட்ட உட்கார்ந்தார்கள். ஷிகேரு இரண்டு கையையும் தரையில் ஊன்றி, “உங்கள் மனைவியின் மறைவுக்கு,” என்று தொடங்கினார்.

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

“அது என் மனைவி இல்லை,” என்றேன். “முதல் நாளே எனக்குத் தெரியும். அந்தக் காலுக்குப் பத்து விரல். என் மனைவிக்கு ஒன்பது. நான்தான் சொல்லவில்லை.”

கொய்ச்சி தொண்டையைச் செருமினார்.

“சுதரை-சான், அந்தக் குதிகால் என் முன்னாடி நின்னு இருபத்தாறு வருஷம் வலை இழுத்திருக்கு. அந்தத் தழும்பு எனக்குத் தெரியாதா?”

“எல்லாருக்கும் தெரியும்,” என்றார் ஃபூமி. “மூணாம் தரம் எண்ணினப்போவே தெரியும்.”

“அப்போ ஏன் முப்பிடாதி பேரை...”

“ஹத்சுயேன்னு யாராவது வாயைத் திறந்து சொல்லியிருந்தா விதியைப் பார்க்கணும், அவளை நிறுத்தணும்,” என்றார் ஷிகேரு. “எங்க அப்பா ஒரு தரம் நிறுத்தினார். நான் பக்கத்துல நின்னேன். நீங்க அன்னைக்குக் கூட்டத்துல பேசாம இருந்தீங்க. நாங்க அதைப் பிடிச்சுக்கிட்டோம். உங்க மனைவியைக் கேட்காம அவங்க பேரை எடுத்து உபயோகிச்சுட்டோம். தப்புதான்.”

அவர் நெற்றி பாயில் படும்வரை குனிந்தார். மற்றவர்களும் குனிந்தார்கள். அப்படியானால் ஊறுகாய்க் கிண்ணங்களும், மழையில் எடுத்துப் போட்ட துணிகளும், என் பக்கத்துக் காற்றுக்கு விழுந்த வணக்கங்களும் எதற்காக என்று கேட்க நினைத்தேன். நான் இத்தனை நாளும் ஒளித்து வைத்திருந்தது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம், அது தெரியாதவன் இந்த ஊரில் நான் மட்டும்தான்.

ஷிகேரு நிமிர்ந்தார். “ஆனா அவங்க இறந்தது நிஜம்தானே?”

“நிஜம்.”

“எத்தனை வருஷம் ஆச்சு?”

“ஏழு வருஷம் மூணு மாசம்.”

“அன்னைக்கு நீங்க வேலைக்கு வந்தீங்களா?”

“வந்தேன்.”

“நான் அங்கேதான் இருந்திருப்பேன்,” என்றார். “ஐஸ் சரியா போட்டீங்களான்னுகூடக் கேட்டிருப்பேன்.”

“கேட்டீங்க.”

அவர் மறுபடி இரண்டு கையையும் தரையில் ஊன்றினார். “அதுக்குத்தான் வந்தோம். இன்னைக்கு வேற எதுக்கும் இல்லை,” என்றார்.

படம் எங்கே என்று ஃபூமி கேட்டார். மகன் வீட்டுச் சுவரில் ஒன்று இருக்கிறது, இங்கே இல்லை என்றேன். அப்படியானால் அவர்கள் ஊர் எந்தத் திசை என்று கொய்ச்சி கேட்டார். தென்மேற்கு என்று சொல்லிக் கையை நீட்டினேன். என் வீட்டில் அந்த மூலையில் சமையல் மேடைக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ்தான் இருந்தது, அதன் கதவில் மீன் கொட்டகையின் விடுமுறை நாட்களை அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. பரவாயில்லை என்று எல்லோரும் முழங்காலாலேயே நகர்ந்து அந்தப் பக்கம் திரும்பினார்கள். இடம் போதாமல் ஒருவர் தோளில் ஒருவர் இடித்தபடி, பன்னிரண்டு பேரும் அதன் முன் தலை குனிந்தார்கள். எனக்கு நடுவில் இடம் விட்டிருந்தார்கள், நானும் போய் உட்கார்ந்து குனிந்தேன். அந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜின் மோட்டார் ஓடத் தொடங்கியது. அது ஓடி ஓய்ந்து நிற்கிற வரைக்கும் ஒருவரும் தலை நிமிரவில்லை.